மலைக்கிழங்கு பற்றி நண்பனுக்கு

ஏற்காடு அடிவாரம்,
மாசி மாதம்.

அன்புள்ள செல்வராஜுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமானதில் எங்களுக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். கிணற்றில்தான் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

பஞ்சத்தில் ஜனங்கள் எதைத் தின்று பிழைத்தார்கள் என்று கேட்டிருந்தாய். தாது வருசப் பஞ்சத்தை, அதாவது 1876-78ஐ, நம் சேலம் ஜில்லா மறக்கவே முடியாது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1881இல் 16 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. கீரை வயிற்றை நிரப்பும், ஆனால் அதை மட்டும் தின்று உயிரைப் பிடித்து வைக்க முடியாது. மாவுச்சத்து வேண்டும். அதை வறட்சியிலும் மண்ணுக்கடியில் பத்திரமாக வைத்திருப்பது கிழங்குதான். வள்ளி, நூறை எல்லாம் அப்படித்தான்.

போன வாரம் நாகலூர்ப் பக்கம் மலையாளி என்கிற நம் மலைப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவரோடு காட்டோரம் போயிருந்தேன். இந்த மாதத்தில் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும், இடமே தெரியாது. அவர் சருகை விலக்கி, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு காய்ந்த தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடப்பாரையை இறக்கினார். இடுப்பளவு தோண்டியபின் வள்ளிக்கிழங்கு வந்தது. தலைப்பக்கத்தை மட்டும் வெட்டி அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார். மழை வந்தால் திரும்பத் தழைக்குமாம். பசியிலும் அடுத்த வருசத்துக்கு மிச்சம் வைத்த ஜனங்கள் செல்வராஜ், அதை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

உன் பேரனிடம் ஒன்று கட்டாயம் சொல். படத்தைப் பார்த்துக் கிழங்கு தோண்டக் கூடாது. செங்காந்தள் கிழங்கும் அதே காட்டில்தான் இருக்கிறது, கொடிய விஷம். பச்சையாக இருக்கும்போது இலை நுனி சுருண்டு பற்றிக்கொள்வதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கொடி காய்ந்த பிறகு பழகிய கண்தான் வேண்டும். காட்டுக்கிழங்கில் சிலதைச் சீவி, ஓடுகிற தண்ணீரில் போட்டு நஞ்சை எடுத்துத்தான் வேகவைப்பார்கள். இந்தப் பக்குவம் தெரியாதவனுக்குக் காடு நிறையக் கிழங்கு இருந்தும் பிரயோசனமில்லை.

2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்களே, அப்போது ரேஷன் அரிசி நம்மைக் காப்பாற்றியது. நல்லதுதான். ஆனால் அரிசி இருக்கிற தைரியத்தில் வரப்பெல்லாம் களைக்கொல்லி அடித்துப் பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் அழிக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் கிணற்று மேட்டில் மட்டும் மருந்து அடிக்க விடுவதில்லை.

அப்புறம், உன் அம்மா எந்தெந்தக் கீரையைக் கலந்து கடைவார்கள், எதை முதல் தண்ணீர் வடித்துவிட்டு வேகவைப்பார்கள் என்று கேட்டு எழுது. எங்கள் வீட்டில் இப்போது சொல்ல ஆள் இல்லை.

அன்புடன்,
பழனிசாமி