ரங்கூனில் முடி வெட்டக் கூடவே வந்த ஐயாவுக்கு நன்றி

எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே ஒரு சாதாரணக் கடையில் முடி வெட்டிக்கொள்வது என் வழக்கம். சுற்றிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊர் தன் இயல்பில் பேசுவது அந்த நாற்காலியைச் சுற்றித்தான் என்பது என் எண்ணம்.

ரங்கூனில் அனோரத்தா சாலை. 1871இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் வாசலில் உங்களிடம் வழி கேட்டேன். "வாருங்கள் தம்பி, நானே வருகிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். எனக்குப் பர்மிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. காதோரம் எவ்வளவு, பிடரியில் எவ்வளவு என்று விரலால் அளந்து காட்டி, கடைக்காரரிடம் எனக்காகப் பேசினீர்கள். சவரம் முடிந்து அவர் ஈரப் படிகாரத்தைத் தாடையில் தேய்க்க வந்தபோது, "கொஞ்சம் எரியும்" என்று முன்பே சொன்னீர்கள். எரிந்தது; சுகமாகவும் இருந்தது.

1960களில் கடைகள் நாட்டுடைமையானபோது சொந்தக்காரர்கள் கப்பலேற, உங்கள் குடும்பம் மட்டும் தங்கிவிட்ட கதையை அந்த பெஞ்சில்தான் கேட்டேன். அதற்காகவே இன்னொரு முறை வர வேண்டும்.

கூலியையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். பெயர் கேட்டதற்குச் சிரித்தீர்கள். கோயில் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். மனமார்ந்த நன்றி, ஐயா.