பிளேக்கை நான்கு எழுத்தில் அடக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் ஆளுமை வகையை அலசிய கட்டுரை சுவாரசியமாக இருந்தது. ஆனால் அவரை, மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனையின் நான்கெழுத்து வகைகளில் ஒன்றான 'ஐ.என்.எஃப்.பி.' (INFP) என்று, அதாவது ஒதுங்கியே இருக்கும் கனவுலகவாசி என்று முடித்துவிட்டது பொருந்தவில்லை.

சிறுவயதில் லண்டனின் பெக்கம் ரை திறந்தவெளியில் ஒரு மரம் முழுக்கத் தேவதைகளைக் கண்டதாகச் சொன்னவர்தான். சரி, கனவுலகவாசி என்றே வைத்துக்கொள்வோம். அதே மனிதர் 7 ஆண்டுகள் செதுக்குக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பயின்றவர். செப்புத் தகட்டில் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அச்சிட்டு, மனைவி கேத்தரினின் துணையோடு வண்ணம் தீட்டித் தன் நூல்களைத் தானே தயாரித்தார். எவ்வளவு பொறுமை வேண்டும் அதற்கு! அப்புறம், 1803இல் ஃபெல்பம் கிராமத்தில் தன் தோட்டத்தை விட்டுப் போக மறுத்த சிப்பாயைப் பிடித்துத் தெருவில் தள்ளிக்கொண்டே போனார். அதனால் ராஜதுரோக வழக்கு வந்தது. மறு ஆண்டு சிசெஸ்டரில் விடுதலையானார். ஒதுங்கி இருப்பவர் செய்கிற வேலையா இது?

உளவியலாளர் யுங் 1921இல் வெளியிட்ட நூலைத் தழுவி, பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியதுதான் இந்த நான்கெழுத்து வகைப்பாடு. அவரவர் தாமே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 1827இல் இறந்தவருக்காகக் கட்டுரையாளர் பதில் எழுதினால், வெளிப்படுவது யாருடைய ஆளுமை?

அடுத்த முறை, கட்டுரையோடு வந்த ஆளுமை வகை அட்டவணைக்குக் கொடுத்த இடத்தில் பிளேக்கின் வண்ணப் பக்கம் ஒன்றை அச்சிடுங்கள்.

- ஒரு வாசகர், திருச்சி