உதவித்தொகை வருகிறது, மருந்தைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்களுக்கு மத்திய அரசு தரும் நிதியுதவி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான டாப்ஸ் திட்டத்தின் முதன்மைப் பட்டியலில் இருப்பவருக்கு மாதம் 50,000 ரூபாய், வளர்நிலைப் பட்டியலில் இருப்பவருக்கு 25,000 ரூபாய், இளம் வீரர்களுக்கான கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம், அதில் கைச்செலவுக்கு மட்டும் 1.20 லட்சம் என்று கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது. கடன் வாங்கி ஸ்பைக்ஸ் வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை உதவியையும் ஒரே நாளில் நிறுத்திவிடக்கூடிய ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. அது ஊக்கமருந்துச் சோதனை. அதில் தெரியாமல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மாவட்ட அளவில் பிள்ளைகளுக்கு வழிகாட்ட யாரும் இல்லை.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் கணக்குப்படி, 2024இல் இந்தியாவின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா எடுத்த 7,113 மாதிரிகளில் 260 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. 3.6 சதவீதம். அதிக அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுதான் மிக மோசமான விகிதம். எல்லாரும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்த செய்தி பரவியதும் ஓட்டக்காரர்கள் காணாமல் போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஓடியது ஒரே ஒருவர். மைதானக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. தெரிந்தே செய்கிறவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து சாப்பிட்டுச் சிக்குகிற பிள்ளையின் பெயரும் அதே பட்டியலில்தான் ஏறுகிறது.

இருமல் சிரப்பையே எடுத்துக்கொள்வோம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் பல சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் வீரர்களுக்குத் தடை. டெஸ்ட் போட்டியில் சதம் அடித்த பிருத்வி ஷாவே இதில் சிக்கி 2019இல் 8 மாதத் தடை பெற்றார். பணத்துக்கும் மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லாத கிரிக்கெட்டிலேயே இந்த நிலை என்றால், பேருந்தில் உட்கார்ந்தபடியே மாநிலப் போட்டிக்குப் போய்ச் சேரும் கபடி வீராங்கனைக்கு யார் சொல்வது? இத்தனைக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மட்டும் உள்ள இருமல் மருந்துக்குத் தடை கிடையாது. பாரசிட்டமால், செட்டிரிசின், அமாக்சிசிலின் எதற்கும் தடை கிடையாது. மாற்று அதே கடையில், அதே அலமாரியில் இருக்கிறது.

இதைவிடச் சிக்கல், சின்னக் கிளினிக்குகளில் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரை. அட்டை இல்லை, பெயர் இல்லை, ‘காலை, இரவு’ என்று பேனாவால் எழுதியிருக்கும். காய்ச்சலும் வலியும் சட்டென்று குறையட்டும் என்று அதோடு சேர்க்கும் பொடி மாத்திரை பல நேரம் டெக்ஸாமெத்தசோன் அல்லது பெட்டாமெத்தசோன். இரண்டும் ஸ்டீராய்டு; வாய்வழி எடுத்தால் போட்டிக் காலத்தில் தடை. வாடாவின் வழிகாட்டுதல், கடைசி மாத்திரைக்கும் போட்டிக்கும் 3 நாள் இடைவெளி கேட்கிறது. தசையில் போடும் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி என்றால் 60 நாள். தசை வளர்க்கும் நாண்ட்ரோலோன் ஊசியோ மாதக்கணக்கில் சிறுநீரில் தெரியும். அதற்கு வழக்கமான தண்டனை 4 ஆண்டு. அசதி என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினாலே விதிமீறல், உள்ளே போனது வெறும் உப்புநீராக இருந்தாலும். சாதாரண பாட்டிலே 500 மில்லி. மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக ஏற்றினால் விலக்கு உண்டு, அதைக் காட்ட டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே தடைமருந்து தேவைப்படும் நோயாளிக்கு முன்அனுமதி வழி இருக்கிறது. போட்டிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அவசரச் சிகிச்சைக்குப் பின்னாலும் கேட்கலாம். விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நோய் அல்ல, காகிதம். மருத்துவரின் பதிவு எண் இருக்காது, பரிசோதனை முடிவு இணைத்திருக்க மாட்டார்கள், தடையில்லாத மாற்று மருந்து ஏன் போதாது என்று ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள்.

சோதனை அறையிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. குறைந்தது 90 மில்லி சிறுநீர் வாங்கி ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து முத்திரையிட்ட பின், கடந்த 7 நாளில் சாப்பிட்ட மருந்தையும் சத்துப்பொடியையும் படிவத்தில் எழுதச் சொல்வார்கள். பயத்தில் பிள்ளைகள் ‘எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ‘சிரப் குடித்தேன்’ என்று சொன்னால் எடுபடுவது கடினம். உடலுக்குள் பொருள் எப்படி வந்தது என்று நிரூபித்துத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது வீரர்தான், அதிகாரி அல்ல.

நாடாவிடம் மருந்தைச் சரிபார்க்க ‘நோ யுவர் மெடிசின்’ செயலி இருக்கிறது, நல்ல முயற்சி. ஆனால் மருந்தின் பெயர் தெரிந்தால்தான் அதில் தேட முடியும். காகிதப் பொட்டலத்தை எதைப் போட்டுத் தேடுவது? ஆகவே நாடாவும் இந்திய விளையாட்டு ஆணையமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோடு சேர்ந்து, மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவருக்கு இதில் பயிற்சி தர வேண்டும். அவரது தொலைபேசி எண் ஒவ்வொரு விளையாட்டு விடுதிச் சுவரிலும் இருக்க வேண்டும். மாவட்டப் போட்டியின் பதிவுப் படிவத்தோடு தமிழில் ஒரு பக்க மருந்துப் பட்டியல் தரலாம். அச்சுச் செலவு பதக்கச் செலவைவிடக் குறைவு. இத்தாலியில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், தடைப்பொருள் உள்ள மருந்துப் பெட்டியில் எச்சரிக்கை வேண்டும் என்கிறது. அதற்கென ஒரு குறியும் அச்சிடுகிறார்கள். நம்மிடம் 2022இலேயே தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. இங்கும் அந்தப் பெட்டி எச்சரிக்கையைக் கட்டாயமாக்க என்ன தடை? 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கும்போது களத்தில் நிற்கப்போகிறவர்கள் பலர் இன்று பள்ளி மைதானங்களில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் வரும்வரை பெற்றோரும் பி.டி. மாஸ்டர்களும் செய்யக்கூடியது இவ்வளவு: டாக்டரிடம் உட்கார்ந்ததுமே ‘பிள்ளை போட்டியில் ஆடுகிறவன், ஊக்கமருந்துச் சோதனை உண்டு’ என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிரித்துத் தரும் மாத்திரை வேண்டாம், அட்டையோடு கேளுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் பில்லையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மிச்சமுள்ள சிரப் பாட்டிலைப் போட்டி முடிந்து மூன்று மாதமாவது தூக்கிப் போடாதீர்கள், அதிலுள்ள தொகுப்பு எண் (பேட்ச் நம்பர்) விசாரணையில் தேவைப்படும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்