படம் கேட்கும் முன் சுவரைக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமான நிலையத்தில் ஓவியர்களும் ஒளிப்படக்காரர்களும் சேர்ந்து கண்காட்சி வைப்பது புதிய சங்கதி அல்ல. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம் 1980 முதல் தனக்கென ஓர் அருங்காட்சியகமே நடத்திவருகிறது. மும்பையின் இரண்டாம் முனையம் 2014-இல் திறக்கப்பட்டபோதே நெடுஞ்சுவர் நிறையக் கலைப் படைப்புகளோடுதான் திறக்கப்பட்டது. நம் ஊர் விமான நிலையங்களிலும் இயற்கை ஒளிப்படங்களுக்கு இடம் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. இடம் கொடுக்கும் முறை பற்றியே இந்தக் கடிதம். பெரும்பாலும் "ஆளுக்கு மூன்று படம் அனுப்புங்கள்" என்ற அறிவிப்புதான் முதலில் வரும். சுவர் எதனால் ஆனது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, துளை போடலாமா என்பதெல்லாம் மாட்டப் போகும் அன்றுதான் தெரியவரும். அதற்குள் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் கட்டி, காசு போயிருக்கும். படம் கேட்கும் முன் சுவரைக் காட்டுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை வெளிச்சம். முனையங்களில் பாதிச் சுவர் கண்ணாடி. பகல் ஒளி படத்துக்கு நேர் எதிரிலிருந்து அடிக்கும். சாதாரண ஃபிரேம் கண்ணாடி தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கான்வாஸ் ஓவியத்துக்குக் கண்ணாடி கிடையாது, அதனால் அது தப்பித்துக்கொள்ளும். பக்கத்திலேயே சோலைக்காட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் கருமந்தியின் படம் கண்ணாடிக்குள் இருந்தால், பயணிக்குத் தெரிவது தன் முகமும் முதுகுக்குப் பின்னால் ஓடும் விளம்பரத் திரையும்தான். இயற்கைப் படங்களில் இருட்டுப் பகுதி அதிகம் என்பதால் இந்த அடி அவற்றுக்கே பலமாக விழுகிறது. எதிரொளிப்பைக் குறைக்கும் அருங்காட்சியகக் கண்ணாடி கிடைக்கிறது, ஆனால் விலை கட்டுப்படியாகாது.

கட்டுப்படியாகிற வழி, பிரிண்டின் மேல் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போட்டு, 3 மி.மீ. ஏசிபி ஷீட்டில் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) நேரடியாக ஒட்டி, கண்ணாடியே இல்லாமல் மாட்டுவது. 30×20 அங்குலப் படம் இப்படிச் செய்தால் சுமார் ஒன்றரைக் கிலோதான் வரும். அதே அளவுக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே மூன்று கிலோவை நெருங்கும். ஒட்டும் வேலையை ரோலர் எந்திரத்தில் கொடுங்கள். கையால் தேய்த்து ஒட்டினால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சில நாளில் ஓரத்தில் கொப்புளம் கிளம்பும். நுரை பிளாஸ்டிக் பலகையான சன்போர்டு மலிவு, ஆனால் பெரிய அளவில் வளைந்துவிடும். ஃபிரேம் கட்டாயம் என்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுங்கள், விழுந்தாலும் சில்லாகச் சிதறாது. அதைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணி போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தைத் தெளித்தால் அக்ரிலிக் மங்கி, மயிரிழை வெடிப்பு காணும். துப்புரவுப் பணியாளர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கமான திரவத்தைத்தான் அடிப்பார்கள், அது அவர்கள் குற்றமல்ல.

நிறத்துக்கு வருவோம். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் நாலு மையில் அச்சிட்டால் வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகு நீலம் செத்துப்போகும், பச்சைப் பஞ்சுருட்டான் பழுப்படித்து நிற்கும். அந்த மைகளின் கலவை எட்டாத நிறங்கள் அவை. எட்டு நிறத்துக்கு மேல் கொண்ட பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) எந்திரத்தில் போடும் பிரிண்ட் நிறத்துக்கும் நிற்கும், சீக்கிரம் வெளுக்கவும் செய்யாது. ஆனாலும் நேர் வெயில் படும் சுவரை எந்த மைக்கும் கொடுக்காதீர்கள். இன்னொரு குறை, பிரிண்ட் இருண்டுபோவது. காரணம் பெரும்பாலும் அச்சகம் அல்ல. வீட்டில் கணினித் திரையை அளவுக்கு மீறிப் பிரகாசமாக வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தியிருப்போம். திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (ஒளிச்செறிவின் அலகு) இருக்கட்டும். முழுப் படத்துக்கும் பணம் கட்டும் முன், பறவையின் கண்ணும் இறக்கையும் விழுகிற மாதிரி ஆறு அங்குலத் துண்டு ஒன்று அடித்து, அதே சுவரில் பகல் பதினொரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். விமான நிலைய நிர்வாகம் இதற்கு ஒருநாள் அனுமதிச் சீட்டு கொடுத்தால் போதும், பாதிப் படங்கள் பிழைக்கும்.

அளவிலும் ஆசை வேண்டாம். 24 மெகாபிக்சல் படம் 6000×4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தால் 40 அங்குல அகலம் வரை தாங்கும், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது தாராளம். தூரத்துப் பறவையைப் பாதியாக வெட்டி எடுத்திருந்தால் 20 அங்குலம்தான். அதை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கினால், இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அந்தப் பறவையிடம் இல்லாத இறகுக் கோடுகளையும் வரைந்து கொடுத்துவிடும். அதை இயற்கை ஒளிப்படம் என்று மாட்டுவது பார்ப்பவரை ஏமாற்றுவது.

மாட்டும் வேலைக்குள் பாதுகாப்பு விதிகள் வந்துவிடும். டிரில், ஸ்க்ரூ டிரைவர், கட்டர் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு பட்டியல் போட்டு முன் அனுமதி வாங்க வேண்டும். உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்ததா என்று சரிபார்ப்பார்கள். கம்பி கட்டி ஒரே ஆணியில் தொங்கவிடுவது விமான நிலையத்துக்கு ஆகாது. ஆள் நடமாட்டத்திலும் ஏசிக் காற்றிலும் படம் சாய்ந்துகொண்டே இருக்கும், யாரும் கழற்றிக்கொண்டும் போகலாம். மேலே இரண்டு கொக்கி, கீழே ஒரு பூட்டுத் திருகு என மூன்று பிடிமானம் தேவை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 155 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், கீழ் விளிம்பு ஒரு மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். இறங்கினால் டிராலி இடிக்கும்.

இடம் எது என்று கேட்டால், பெட்டி வரும் பெல்ட்டுக்கு எதிர்ச்சுவர் என்போம். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்பவர் படம் பார்க்கும் மனநிலையில் இருப்பதில்லை. பெட்டிக்காகக் காத்திருப்பவர் பார்ப்பார், பெயர்ப் பலகையையும் படிப்பார். ஆகவே அந்தப் பலகை உருப்படியாக இருக்க வேண்டும். உயிரினத்தின் தமிழ்ப் பெயர் முதலில், பிறகு எடுத்த வட்டாரம், காட்டில் எடுத்ததா உயிரியல் பூங்காவில் எடுத்ததா என்ற உண்மை. கூட்டுக்கு அருகே போய் எடுத்த படங்களை ஏற்கவே கூடாது. கூடோ அரிய செடியோ இருக்கும் துல்லியமான இடத்தையும் எழுதக் கூடாது. சரணாலயத்துக்குள் எடுத்த படமென்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற்றதா என்று கேட்டு வாங்கிவைக்க வேண்டும். அந்தந்த ஊர் மண்ணைக் காட்டும் படங்களுக்கே முதலிடம் கொடுங்கள். சென்னையில் இறங்குகிறவருக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கோவையில் இறங்குகிறவருக்கு வரையாடு, தூத்துக்குடியில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை. ஆப்பிரிக்கச் சிங்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே அது வேண்டியதில்லை.

கடைசியாக ஒப்பந்தம். "படங்களை நிர்வாகம் எந்த வகையிலும் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்ற வரி விண்ணப்பப் படிவத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கண்காட்சிக்கும் அதன் அறிவிப்புகளுக்கும் மட்டும், இன்ன தேதி வரை என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். சேதமானால் யார் ஈடு தருவது, தொகை எவ்வளவு என்பதும் எழுத்தில் வேண்டும். ஒப்படைக்கும்போதே படத்தின் முன்புறம், பின்புறம், நான்கு மூலைகளையும் தேதியோடு படமெடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் நாளில் அதை வைத்துச் சரிபார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
இயற்கை ஒளிப்படக்காரர்கள் சிலர்,
கோவை.