எலும்பின் வயதுக்கு ஒற்றை எண் போதாது

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் கிடைத்த எலும்புக்கூடுகள் பற்றிய உங்கள் செய்தியில் வயதை ஒற்றை எண்ணாகக் குறித்திருந்தீர்கள். சிறுபிள்ளை என்றால் சரி, பற்களின் வளர்ச்சி ஓரிரு வருட வித்தியாசத்துக்குள் வயதைக் காட்டிவிடும். மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளில் பல் பரிசோதிக்கப் போகும்போது, பாற்பற்களுக்குப் பின்னால் முதல் கடைவாய்ப்பல் பாதி முளைத்து நின்றால் பிள்ளைக்கு 6 வயது என்போம், பெரும்பாலும் பிசகாது.

வளர்ந்தவர்களில் கதை வேறு. காறை எலும்பின் (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு) உள்முனை 30 வயதை ஒட்டி அதன் தண்டோடு பொருந்தி முடிந்தபின், இடுப்பெலும்பு மூட்டின் தேய்மானம் போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதில் 10, 20 வருடம் முன்பின்னாகலாம். 40 வயதில் காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி, '30' என்று படித்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். இனி '25 முதல் 45 வரை' என்பதுபோல் அச்சிடுங்கள். எந்த எலும்பை வைத்துக் கணித்தார்கள் என்று ஒரு வரியும் சேருங்கள்.

ஓய்வுபெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்,
திருகோணமலை