ரெண்டாவது தடவை காலேஜ்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆச்சு. ஸ்டாடிஸ்டிக்ஸ் பரீட்சை முடியட்டும்னு தள்ளிப்போட்டேன், கோவிச்சுக்காதே.

"நேரே யூனிவர்சிட்டியில சேராம எதுக்குடி கம்யூனிட்டி காலேஜ்?"னு கேட்டிருந்தே. திருச்சியில ரெண்டாம் வருஷம் முடியறதுக்குள்ள கல்யாணம் பண்ணி அனுப்பிட்டாங்களே, அந்த அரைகுறைப் படிப்பை வெச்சுக்கிட்டு எந்தக் கதவைத் தட்டுவேன்? கம்யூனிட்டி காலேஜ்னா முதல் ரெண்டு வருஷப் படிப்பு சொல்லித் தர்ற அரசாங்கக் காலேஜ். இங்கே 18 வயசு தாண்டியிருந்தா போதும், பழைய மார்க்கை யாரும் கேக்கறதில்லை. பாடத்தோட அளவை யூனிட்னு கணக்குப் போடறாங்க, கலிஃபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். நாலு யூனிட் ஸ்டாடிஸ்டிக்ஸ் 184 டாலர்ல முடிஞ்சுது. 60 யூனிட் சேர்ந்தா மூணாம் வருஷத்துக்கு யூனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம். யூசின்னா யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா. அதுல இளங்கலைப் படிப்பு இருக்கற ஒன்பது கேம்பஸ்ல ஆறு, சொன்ன பாடமும் மார்க்கும் இருந்தா இடம் உறுதின்னு முன்கூட்டியே எழுதிக் குடுக்கும். ஆனா ஒண்ணுக்குத்தான் போட முடியும். பெர்க்லி அந்த ஆறுல கிடையாது, அதனால வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். நான் வர்ற செப்டம்பர்ல அந்த ஆறுல ஒண்ணான டேவிஸுக்குப் போடப்போறேன்.

ஒரு இடத்துல நல்லா வழுக்கினேன். முதல் செமஸ்டர்ல ஆலோசகர் சொன்னாரேன்னு ஒரு வகுப்பு எடுத்தேன். அது இங்கே இருக்கற இன்னொரு அரசாங்க யூனிவர்சிட்டியான கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குச் செல்லுமாம், யூசிக்குச் செல்லாதாம். மூணு யூனிட் தண்டம். இப்போ எந்தப் பாடம் எங்கே செல்லும்னு அசிஸ்ட் தளத்துல பார்க்காம காலெடுத்து வைக்கறதில்லை. அம்மா ராகுகாலம் பார்ப்பாளே, அந்த மாதிரி.

சைக்காலஜி படிக்கறேன்னதும் கோயில்ல பார்க்கறவங்க எல்லாம் மாமியார் கதை சொல்ல வந்துடறாங்க. என் மாமியாரே ஒருநாள் உக்காந்து அவங்க மாமியார் கதையைச் சொன்னாங்க!

நாங்க படிக்கறதோ வேற. எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், ஏறக்குறைய 2,300 அர்த்தமில்லாத அசைகளை உண்டாக்கி, அதுலேர்ந்து எடுத்து எடுத்துத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகுதுன்னு அளந்து 1885ல புத்தகம் போட்டார். நானும் பழைய காலண்டரைக் கிழிச்சு ஙெப், ழுட், மெள், தண்னு 12 சீட்டு எழுதினேன். சாப்பாட்டு மேஜையில நானும் மாமியாரும் படிச்சோம். மறுநாள் எனக்கு மூணு ஞாபகம் இருந்துது. அவங்க ஏழு சொன்னாங்க! எப்படின்னு கேட்டா, "தண்ணியில பாதி தண். மெள்ளமா எழுந்து வர்ற மருமகள் மெள்"ங்கறாங்க. போச்சு, அர்த்தம் உள்ளே புகுந்துடுச்சு. அந்த மனுஷன் ஏன் மெனக்கெட்டு அர்த்தமில்லாத அசையாத் தேடினார்னு அப்போதான்டி எனக்கு மண்டையில ஏறுச்சு. வகுப்புல சொன்னப்போ தலையாட்டினதோட சரி.

பக்கத்துல உக்கார்ற பசங்களுக்கு 19 வயசு. என் நோட்டை போட்டோ எடுத்துக்கறாங்க, பதிலுக்கு எக்ஸெல் சொல்லித் தர்றாங்க. அடுத்த செமஸ்டர் ரிசர்ச் மெத்தட்ஸ். அதுல சோதனை பண்ண ஆள் பிடிக்கணும். வீடியோ கால்ல உன்னையும் பிடிப்பேன், தயாரா இரு.

முழங்கால் வலி எப்படி இருக்கு? பொண்ணோட ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் உடனே எழுது.

உன்
கமலா