வளைக்குள் அல்ல, புதரில்தான் டெரியருக்கு வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

முயல் பிடிக்கவும் வீட்டோடு இருக்கவும் டெரியர் எனும் சிறிய வேட்டை நாயைத் தேடுபவர்கள் மிகச் சிறிய குட்டியாகப் பார்க்கிறார்கள், முயல் வளைக்குள் நுழையட்டும் என்று. முயல் வளை பெரும்பாலான டெரியர்களுக்குக் குறுகல். உள்ளே சிக்கினால் மண் மூடி மூச்சுமுட்டும். வளைக்குள் அனுப்ப ஃபெரெட் எனும், கீரி போன்ற மெலிந்த வளர்ப்பு விலங்கு இருக்கிறது. டெரியரின் வேலை முட்புதரிலிருந்து முயலைக் கிளப்புவது.

அதற்கு 5 முதல் 7 கிலோ எடையுள்ள பார்டர் டெரியரே என் தேர்வு. குழந்தைகளோடு நிதானம், சொரசொரப்பான ரோமம் முள்ளைத் தாங்கும். ஆண்டுக்கு இருமுறை முதிர்ந்த ரோமத்தைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். இயந்திரத்தால் வெட்டினால் ரோமம் மென்மையாகி முள் தைக்கும். ஜாக் ரஸ்ஸல் டெரியர் சுறுசுறுப்புதான், ஆனால் குரைப்பும் அதிகம். அதை வாங்குவதானால், முன்பே தாய், தந்தை இரண்டுக்கும் கண்வில்லை இடம்பெயரும் நோய்க்கான மரபணுச் சோதனை முடிவைக் கேளுங்கள்.

வீட்டில் வளர்ப்பு முயலா? எந்த டெரியரும் வேண்டாம். டெரியர் வளர்ப்பவர்கள் வேலிக்கம்பியை ஓரடி ஆழம் புதையுங்கள். தோண்டாத டெரியர் கிடையாது.

– ஒரு வாசகர்